கத்தி விலை சரிந்தது: அநியாயம் யாருக்கு?

தூசி_இரண்டு எழுதியது:

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் வால்வ் நிறுவனம் 2025 அக்டோபரில் செய்த மாற்றத்துக்கு இங்கே தனி இழை இல்லை. அதனால் தொடங்குகிறேன். ஆடாதவர்களுக்காகச் சுருக்கம்: அதுவரை கத்தியோ கையுறையோ வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து அதிர்ஷ்டம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தையில் விலை கொடுத்து வாங்க வேண்டும். அக்டோபர் 22 முதல் ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களை (ஆயுதத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றும் அழகு உறைகள்; சிவப்பு, கத்திக்கு அடுத்த அரிய தரம்) கொடுத்து ஒரு கத்தியாகவோ கையுறையாகவோ மாற்றிக்கொள்ளலாம். விடிவதற்குள் பல கத்திகளின் விலை பாதியாகிவிட்டது. சீந்துவாரில்லாமல் கிடந்த சிவப்புகள் பல மடங்கு ஏறின. சந்தையின் மொத்த மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டாலர் கரைந்ததாகச் செய்திகள் வந்தன.

அன்றிலிருந்து எந்தக் குழுவுக்குப் போனாலும் ஒப்பாரிதான். "முதலீடு போயிற்று" என்கிறார்கள், "நம்பிக்கைத் துரோகம்" என்கிறார்கள். எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஒரு விளையாட்டுப் பொருள், அந்த விளையாட்டை ஆடுகிறவனுக்குக் கொஞ்சம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் ஆட்டக்காரர்களா, தரகர்களா?

ஆனால் இந்த ஒரு விளையாட்டோடு நிறுத்த வேண்டாம். ஷூட்டர்களில், அதாவது சுடும் விளையாட்டுகளில், அழகுப் பொருட்களை எந்த வழியில் கொடுப்பது நியாயம்? ஆடிச் சம்பாதிக்க விடுவதா, நேராக விலை போட்டு விற்பதா, குலுக்கலா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கத்திக்காரன் எழுதியது:

தரகன் என்ற பட்டத்துக்கு நன்றி.

2013 ஆகஸ்டில் ஸ்கின்களைக் கொண்டுவந்ததும் வால்வ்காரர்கள்தான், அவற்றை விற்கச் சந்தை கட்டிக்கொடுத்ததும் அவர்கள்தான். அந்தச் சந்தையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் 15 சதவீதம் அவர்களுக்குப் போகிறது: சந்தை நடக்கும் ஸ்டீம் மேடைக்கு 5, விளையாட்டுக்கு 10. பன்னிரண்டு ஆண்டுகள் "கத்தி அரிது" என்ற நம்பிக்கையின் மேல் கமிஷன் வாங்கிவிட்டு, ஒரு மாலையில், முன்னறிவிப்பு ஒரு வரி கூட இல்லாமல் விதியை மாற்றுவது எந்த ஊர் நியாயம்? கத்தி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. ஒரே ஒரு கத்தி வாங்கி, அதையே வருடக்கணக்காகச் சுழற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட சாதாரண ஆட்டக்காரர்கள்தான் அதிகம்.

நிலா_ஸ்னைப்பர் எழுதியது:

சுழற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களுக்கு நஷ்டமே இல்லையே அண்ணா. கத்தி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதே போலத்தான் சுழல்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எண்களைப் போட்டுவிட்டுச் சண்டையைத் தொடரலாம்.

பெட்டிகளின் வாய்ப்பு விகிதம் 2017 இல் சீனாவில் வெளியானது. அங்கே விளையாட்டை நடத்தும் நிறுவனம் அந்நாட்டு விதிமுறையின்படி அதைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64, கத்தி அல்லது கையுறை 0.26. படிக்குப் படி ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது, கடைசிப் படியில் மட்டும் ஐந்தில் இரண்டு.

0.26 சதவீதம் என்றால் சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. பெட்டியைத் திறக்க வாங்க வேண்டிய சாவி 2.49 டாலர். ஆக, சாவிகளுக்கு மட்டும் 950 டாலருக்கு மேல், பெட்டிகளின் விலை தனி. "385 திறந்தால் கட்டாயம் வந்துவிடும்" என்று யாரும் படித்துவிடாதீர்கள். அத்தனையையும் திறந்தவர்களில் நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். கத்தி வந்தாலும் அது தேய்ந்துபோன முகத்தோடு வரலாம். தேய்மானம் 0 முதல் 1 வரை ஓர் எண். 0.07க்குக் கீழே இருந்தால் புத்தம் புதிது, 0.45க்கு மேலே போனால் கீறலும் பெயர்ந்த வண்ணமும். எவ்வளவு ஆடினாலும் அந்த எண் மாறாது. பிறக்கும்போதே தலையெழுத்து எழுதியாகிவிட்டது.

இப்போது அக்டோபர் மாற்றம். பெட்டியிலிருந்து வந்த சிவப்புகள் அத்தனையையும் ஐந்தைந்தாகப் போட்டு உருக்கினால், ஏற்கனவே உள்ள கத்தி, கையுறைகளில் ஏறத்தாழப் பாதி அளவு கூடும். இளஞ்சிவப்புகளைப் பத்துக்கு ஒன்றாகச் சிவப்பாக்கி, அதையும் மேலே ஏற்றினால் இன்னொரு கால் பங்கு. உலகில் யாரும் எல்லாவற்றையும் உருக்கப் போவதில்லை. ஆகவே விலை பாதியாக விழுந்ததற்கு வரத்து மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. முதல் இரவில் விற்றவர்கள் பீதியில் விற்றார்கள்.

கத்திக்காரன் எழுதியது:

பீதியைக் கிளப்பியது யார் என்பதுதான் என் கேள்வி.

இருபிள்ளைத்தகப்பன் எழுதியது:

நான் உங்கள் அளவுக்கு ஆடுபவன் இல்லை. இரவு பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்றிரண்டு மேட்ச். ஆனால் இந்தப் பெட்டி விவகாரம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடப்பதால் சொல்கிறேன்.

பெரியவன் ஆடும் ஒரு ஷூட்டரில் (பெயர் வேண்டாம்) பெட்டியைத் திறந்தால் திரையின் குறுக்கே படங்கள் வலமிருந்து இடமாக ஓடும். ஒவ்வொரு படமும் நடுக்கோட்டைத் தாண்டும்போது "டக்" என்று ஒரு சத்தம். முதலில் டக்டக்டக்கென்று வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் ஒவ்வொன்றாக. பொன்னிறப் படம் ஒன்று வரும். கோட்டுக்கு அருகே வந்து தயங்கும். விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டு அடுத்த நீலம் வந்து உட்காரும். "அப்பா, நூலிழையில் போய்விட்டது" என்பான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் இன்னொன்று திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது, அதுதான் பயமாக இருந்தது. தேர்த் திருவிழாவில் வளையம் எறியச் சொல்லும் கடைக்காரனாவது வளையத்தை என் கையில் கொடுத்தான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

"நூலிழையில்" என்று ஒன்று கிடையாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போதே முடிவு தீர்மானமாகிவிடும். ஓடும் பட்டை அலங்காரம். பக்கத்தில் வந்து நின்ற பொன்னிறம் உங்களுக்கு வருவதாகவே இல்லை.

பழைய_பீரங்கி எழுதியது:

விலை, விகிதம், கமிஷன் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கின் என்பது எதற்காக இருந்தது என்று யாருக்கும் நினைவில்லையா?

2007 இல் கால் ஆஃப் டியூட்டி 4 ஆடியவர்களுக்குத் தெரியும். தங்க ஏகே-47 கடையில் கிடைக்காது. அந்த வகைத் துப்பாக்கிகள் அத்தனையிலும் உள்ள கில், ஹெட்ஷாட் சவால்களை முடித்தவன் கையில்தான் அது இருக்கும். எதிரே ஒருவன் அதோடு வந்தால் "இவன் ஆடத் தெரிந்தவன், சுவரை ஒட்டிப் போ" என்று அர்த்தம். அதே ஆண்டு ஹேலோ 3 வந்தது. முதுகில் கட்டும் கட்டானா வாள் வேண்டுமென்றால், சாதனைகளுக்காக அன்றிருந்த 1,000 கேமர்ஸ்கோர் புள்ளிகளையும் முழுதாக எடுத்திருக்க வேண்டும். உடுப்பைப் பார்த்தால் ஆளின் வரலாறு தெரியும். இன்று ஒளிரும் துப்பாக்கியோடு ஒருவன் வந்தால் அவனிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. அநியாயம் கத்தி விலையில் இல்லை. ஆடிப் பெற்றதன் அடையாளத்தை விற்பனைக்கு வைத்த அன்றே அது நடந்துவிட்டது.

இருபிள்ளைத்தகப்பன் எழுதியது:

பழைய_பீரங்கி அவர்களே, நீங்கள் சொல்வது கல்லூரி விடுதிக் காலத்து நியாயம். நேரமும் விலைதான். எனக்கு அது காசை விட அருமை.

2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 என்ன செய்தது? டார்த் வேடர் என்ற நாயகனைத் திறக்க 60,000 கிரெடிட் (விளையாட்டு நாணயம்) என்றார்கள். ஒரு நாயகனுக்கு 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் கேட்டபோது, பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைப்பதற்காக அப்படி வைத்தோம் என்று அதை வெளியிட்ட இஏ நிறுவனத்தின் தரப்பிலிருந்து பதில் வந்தது. ரெடிட்டில் அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர்வாக்குகள் ஆறரை லட்சத்துக்கும் மேல், கின்னஸ் பதிவே உண்டு. விலையை 75 சதவீதம் குறைத்தார்கள். அதுவும் போதாமல், வெளியீட்டுக்கு முந்தைய நாள் காசு வாங்கும் பகுதியையே மூடினார்கள். "உழைத்துத் திறந்துகொள்" என்பது உன்னதமாகத்தான் ஒலிக்கும். உழைப்பின் அளவை நிர்ணயிப்பது கடைக்காரனே என்றால், அது உன்னைக் களைக்க வைத்துக் காசு எடுக்க வைக்கும் உத்தி.

மாலைநேர_மருத்துவர் எழுதியது:

தகப்பன் சொல்வதற்கு ஓவர்வாட்ச் கண்கூடான சாட்சி. மூன்று வகைப் பொருளாதாரத்தையும் ஒரே விளையாட்டில் பார்த்துவிட்டோம்.

2016 மே மாதம் வந்தபோது விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினோம், லெவலுக்கு ஒரு பெட்டி. ஆடிக்கொண்டே இருந்தால் பெட்டி வந்துகொண்டே இருந்தது. இருந்தாலும் சூதாட்டம் என்று திட்டினோம், நானும்தான். 2022 அக்டோபர் 4 இல் இரண்டாம் பாகம் இலவசமாக வந்தது. பெட்டி போயிற்று, கடையும் பேட்டில் பாஸும் (ஆட ஆடப் படிப்படியாகப் பரிசு தரும் சீசன் சீட்டு) வந்தன. எல்லாவற்றுக்கும் விலை தெரியும், குலுக்கல் இல்லை, சரிதானே? வாரச் சவால்களை எல்லாம் முடித்தால் அதிகபட்சம் 60 நாணயம். ஒரு லெஜண்டரி (உயர்தர) ஸ்கின் 1,900 நாணயம். ஒரு வாரமும் தவறாமல் ஆடினால் 32 வாரத்தில் ஒரு சட்டை! அதற்குள் அது கடையிலிருந்து மறைந்திருக்கும்.

அதோடு விட்டார்களா? கிரிகோ என்ற புதிய மருத்துவ நாயகியைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் காசு கொடுத்துப் பாஸ் வாங்காவிட்டால் அதன் 55 ஆம் படியில்தான் பெற முடிந்தது. எதிரணியின் நாயகனுக்கு ஏற்ப நம் நாயகனை மாற்றுவதே அந்த விளையாட்டின் உயிர். அதையே பூட்டி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் பத்தாம் சீசன் வந்த பிறகுதான் எல்லா நாயகர்களும் எல்லோருக்கும் திறந்தார்கள். 2025 பிப்ரவரியில் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, விகிதத்தை வெளிப்படையாகப் போட்டு, ஆடினால் கிடைக்கும்படி வைத்தார்கள். ஒரு காலத்தில் பெட்டியைத் திட்டியவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பெட்டி நல்லதா கெட்டதா என்பதை விட, ஒரு மாலை ஆடி முடித்தவன் ஏதாவது கொண்டுபோகிறானா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நிலா_ஸ்னைப்பர் எழுதியது:

நான் வாலரண்ட் ஆடுகிறேன். அங்கே குலுக்கல் இல்லை, சந்தை இல்லை, கைமாற்றவும் முடியாது. வாங்கினால் என்னோடு கிடக்கும். கத்திக்காரன் அண்ணனின் கவலை எனக்கு வராது.

ஆனால் கடையில் தினமும் நான்கு ஸ்கின்கள்தான் தெரியும். எனக்கு வரும் நான்கும் என் தோழிக்கு வரும் நான்கும் வேறு. நான் விரும்பும் வாண்டல் துப்பாக்கி ஸ்கின் என்றைக்கு வரும் என்று தெரியாது. விலையும் ரூபாயில் தெரியாது, பாயிண்டில்தான் தெரியும். 1,775 பாயிண்ட், 2,475 பாயிண்ட் என்று இருக்கும், நாணயக் கட்டுகள் அதற்குச் சரியாக அமையாது. வாங்கி முடித்த பிறகு கணக்கில் எதற்கும் உதவாத மீதி எப்போதும் நிற்கும். குலுக்கல் பொருளில் இல்லை, நாளில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த "மீதி" தற்செயல் இல்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையமும் அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து விளையாட்டு நாணயங்களுக்கான கோட்பாடுகளை வெளியிட்டபோது இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள்: பொருளின் விலையை உண்மைப் பணத்திலும் காட்ட வேண்டும், வேண்டாத நாணயத்தை வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

தூசி_இரண்டு எழுதியது:

சட்டம் என்று வந்துவிட்டதால் ஒரு வேடிக்கை. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. நெதர்லாந்தும் அதே மாதம் கண்டித்தது. பிறகு அந்த நாடுகளில் கவுண்டர்-ஸ்ட்ரைக் பெட்டிகளைத் திறக்க முடியாதபடி செய்தார்கள். 2019 இல் பிரான்ஸுக்கு மட்டும் ஒரு எக்ஸ்ரே கருவி வந்தது. பெட்டியை அதில் வைத்தால் உள்ளே என்ன என்று காட்டும், பார்த்த பிறகு காசு கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறதா? பார்த்ததை வாங்காமல் அடுத்த பெட்டியைப் பார்க்க முடியாது! நீலம் வந்தாலும் வாங்கித் தொலைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். சட்டத்துக்கு வெளிப்படைத்தன்மை, கடைக்கு அதே வியாபாரம்.

2025 செப்டம்பரில் அதே விளையாட்டில் வந்த டெர்மினல் என்ற முறை அதை விடக் கொஞ்சம் மேல். பொருளையும் விலையையும் முன்னால் வைக்கிறது, வேண்டாமென்றால் அடுத்தது, மொத்தம் ஐந்து வாய்ப்பு. ஐந்தையும் மறுத்துவிட்டுக் காசு கொடுக்காமலே வெளியேறலாம்.

வெறுங்கை எழுதியது:

இவ்வளவு ஏன்? அழகுப் பொருள்தானே. ஆட்டத்தைப் பாதிக்காத வரை யார் எதை வாங்கினால் என்ன? நான் இலவசமாக ஆடுகிறேன், சர்வர் செலவை யாரோ ஒரு பணக்காரன் கட்டுகிறான். எனக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

பழைய_பீரங்கி எழுதியது:

"ஆட்டத்தைப் பாதிக்காத வரை" என்பதில்தான் ஓட்டை. வார்சோன் விளையாட்டில் ரோஸ் என்ற பாத்திரத்தின் கறுப்பு உடுப்பு நினைவிருக்கிறதா? 2020 இல் பேட்டில் பாஸ் வழியாக வந்தது. தலை முதல் கால் வரை கறுப்பு. இருட்டு மூலையில் நின்றால் கட்டடத்தின் நிழலுக்கும் ஆளுக்கும் வேறுபாடு தெரியாது. அதைப் போட்டவன் காசு கொடுத்து மறைவிடத்தையும் சேர்த்து வாங்கினான் என்றே சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் மாதக்கணக்காகக் கத்திய பிறகு 2021 இல்தான் நிறத்தை வெளுக்கச் செய்தார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் 2019 நவம்பரில் ஏஜென்ட் என்ற ஆள் உடுப்புகள் வந்தபோது செடிகொடிக்குள் ஆள் தெரியவில்லை என்ற புகார் எழுந்தது. அணியை ஒரே பார்வையில் அடையாளம் காண முடிவதுதான் அந்த விளையாட்டின் அடிப்படையே.

வெறுங்கை எழுதியது:

ரோஸை மறந்துவிட்டேன். அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பணக்காரனுக்கு என் நன்றி தொடரும்.

மாலைநேர_மருத்துவர் எழுதியது:

வெறுங்கை, சர்வர் செலவைக் கட்டுபவர் எப்போதும் பணக்காரராக இருப்பதில்லை. ஃபோர்ட்நைட் வழக்கைப் பாருங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு எபிக் நிறுவனம் செய்த சமரசம் மொத்தம் 52 கோடி டாலர். அதில் 24.5 கோடி, ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர. காரணம் என்ன? ஒரே பொத்தானை அழுத்தினால் வாங்கியதாகிவிடும்படி திரையை அமைத்திருந்தது, பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்க முடிந்தது, தகராறு செய்து பணத்தைத் திரும்பக் கேட்டவர்களின் கணக்கைப் பூட்டியது.

இருபிள்ளைத்தகப்பன் எழுதியது:

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் பிஜிஎம்ஐ 2021 இல் வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வரம்பு அறிவித்தார்கள். ஒரு நாளைக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய். ஒரு நாளைக்கு ஏழாயிரம்! எந்த வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்து அந்த எண்ணை எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எம்416 கிளேசியர் ஒன்றுக்காகப் பள்ளி வாசலில் நடக்கும் பேச்சைக் கேட்டால் தெரியும், அந்தத் துப்பாக்கி இல்லாதவனை அணியில் சேர்க்க யோசிக்கிறார்கள். "அழகுப் பொருள்தானே" என்பது முப்பது வயதில் சொல்லக்கூடிய வாக்கியம், பன்னிரண்டு வயதில் இல்லை.

நெறியாளர்:

2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பெட்டிகளுக்குப் பொருந்துமா என்று தனிமடலில் நால்வர் கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டிப் பண ஆதாயம் எதிர்பார்க்கும் ஆட்டங்களைத்தான் அது தடை செய்கிறது. ஸ்கின் பெட்டிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தீர்ப்பு எழுதுவதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு இழைக்குத் திரும்புங்கள்.

சுரங்கக்குள்ளன் எழுதியது:

எல்லோரும் நோயையே பேசுகிறீர்கள், நலமாக இருப்பவர்களையும் பாருங்கள். டீப் ராக் கேலக்டிக்கில் சீசன் பாஸ் முழுதும் இலவசம். சீசன் முடியும் முன் நீங்கள் எடுக்காத உடுப்புகள் பொதுப் பெட்டகத்துக்குப் போய்விடும், பிறகு சுரங்கத்தில் தேடி எடுக்கலாம். காசுக்கு விற்கும் உடுப்புக் கட்டுகள் தனியே, விலையோடு இருக்கின்றன. ஹெல்டைவர்ஸ் 2 இல் வார்பாண்டு என்ற பாஸ்களுக்குக் காலாவதியே கிடையாது. அதை வாங்கும் சூப்பர் கிரெடிட்டுகள் களத்திலேயே கிடைக்கும். பெரிய நிறுவனம் என்று பார்த்தால் ஹேலோ இன்ஃபினிட் கூட 2021 இல் வண்ணம் பூசுவதைக் கூட விற்றதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது, ஆனால் அதன் பாஸ்களும் காலாவதியாவதில்லை. வாங்கியதை எப்போது வேண்டுமானாலும் ஆடி முடிக்கலாம். தகப்பனைப் போன்றவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

பழைய_பீரங்கி எழுதியது:

முதல் இரண்டும் கணினியை எதிர்த்து அணியாக ஆடுபவை. அங்கே பொறாமைக்கு இடம் குறைவு. போட்டி ஷூட்டரில் இதைச் செய்து காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

சுரங்கக்குள்ளன் எழுதியது:

ஹேலோ போட்டி ஷூட்டர்தான் ஐயா.

தூசி_இரண்டு எழுதியது:

இதுவரை பேசியதில் என் நிலைப்பாடு இது. காசு கொடுக்கும் முன் என்ன கிடைக்கும், என்ன விலை என்று உண்மைப் பணத்தில் தெரிய வேண்டும். ஆடுகிறவனுக்கும் ஒரு பாதை இருக்க வேண்டும். அது 32 வாரப் பாதையாக இருக்கக் கூடாது. பழைய_பீரங்கி கேட்பதுபோல் சில பொருட்கள் எந்தக் காசுக்கும் கிடைக்காமல், ஆடி மட்டுமே பெறுவதாக இருக்கட்டும். மறுவிற்பனை மதிப்பைக் காப்பது மட்டும் இந்தப் பட்டியலில் வராது. அதனால்தான் அக்டோபர் மாற்றத்தை ஆதரிக்கிறேன், அது அரைகுறையாக இருந்தாலும். ஐந்து சிவப்புக்கான காசும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை அதே பெட்டியிலிருந்துதான் வருகின்றன.

கத்திக்காரன், உங்களிடம் ஒரு கேள்வி: எல்லாக் கத்திகளுக்கும் நேரடியாக விலை போட்டுக் கடையில் வைத்தால் ஏற்பீர்களா?

கத்திக்காரன் எழுதியது:

ஏற்பேன். சிரிக்க வேண்டாம். குலுக்கல் எனக்கும் பிடிக்காது, பெட்டி திறப்பது மடத்தனம் என்று தெரிந்துதான் நான் சந்தையில் நேராக வாங்குவதே. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: விதியை மாற்றும் முன் மூன்று மாதம் சொல்லிவிட்டு மாற்றட்டும். 2019 அக்டோபரில் சாவிகளைக் கைமாற்றுவதை நிறுத்தினார்கள். சாவி வியாபாரத்தில் ஏறக்குறைய முழுதும் மோசடிப் பணம் என்று காரணம் சொன்னார்கள். புதிதாக வாங்கும் சாவிகளுக்கு மட்டும்தான் தடை, பழைய சாவிகளை விட்டுவைத்தார்கள். அந்த அளவு நாகரிகம் இப்போது ஏன் இல்லை?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மூன்று மாதம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் மணி நேரத்திலேயே பெரிய கைகள் சிவப்புகளை மொத்தமாக அள்ளியிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை வந்து ஆடுகிறவன் அறிவிப்பைப் படிக்கும்போது சிவப்பின் விலை ஏறி முடிந்திருக்கும், கத்தியின் விலை எப்படியும் விழுந்திருக்கும். முன்னறிவிப்பு உங்களைக் காப்பாற்றியிருக்காது, வேகமாக ஓடத் தெரிந்தவர்களைத்தான் காப்பாற்றியிருக்கும். அக்டோபரில் கணக்கில் பழைய சிவப்புகளை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவன் விழித்தபோது லாபத்தில் இருந்தான். இந்தச் சந்தையில் அவனுக்கு முதல் முறையாக அப்படி ஒன்று நடந்தது.

கத்திக்காரன் எழுதியது:

அப்படியானால் ஒரு மாதமாவது.

நிலா_ஸ்னைப்பர் எழுதியது:

இப்போது பேரமா அண்ணா?

கத்திக்காரன் எழுதியது:

தரகன் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார்களே, பேரம் பேசாமல் எப்படி? இரண்டு வாரத்துக்கும் இறங்கி வரத் தயார்.